ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம்: ஜெர்மனியின் தடையும் சென்னைத் தோல் வணிகமும்

1989 டிசம்பர் 12-ஆம் தேதி மேற்கு ஜெர்மனி அரசு பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லிக்குத் தடை விதித்து ஓர் ஆணை பிறப்பித்தது. அந்த வேதிப்பொருளைத் தயாரிக்கக் கூடாது, பயன்படுத்தக் கூடாது, அது கலந்த பொருளை விற்கவும் கூடாது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் அந்தத் தோலுக்கு ஜெர்மன் சந்தையில் இடமில்லை. பெர்லின் சுவர் திறந்து ஐந்து வாரம்கூட ஆகாத நேரம். உலகத்தின் கண்ணெல்லாம் வேறு பக்கம் இருந்தது. அந்த ஆணை இந்தியாவை மனத்தில் வைத்து எழுதப்பட்டதும் இல்லை. ஆனாலும் அதன் பாரம் வந்து இறங்கிய இடங்களில் ஒன்று, தோல் வணிகர்கள் கூடும் சென்னைப் பெரியமேடு.

இந்தத் தடையைச் சுற்றுச்சூழல் வரலாறாகவே பெரும்பாலும் பேசுகிறார்கள். இதை இரு நாட்டு உறவின் வரலாறாகவும் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. இரு நாடுகளுக்கும் இடையே எந்தப் பூசலும் இல்லை. எந்த ஒப்பந்தமும் முறியவில்லை. இருந்தும், ஒரு நாட்டு மக்களின் நலனுக்காக எழுதப்பட்ட ஒரு சட்டம், இன்னொரு நாட்டின் ஆலைகளில் வேலை நடக்கும் முறையையே மாற்றிவிட்டது. மாற்றத்துக்கான செலவை ஏற்றவர்கள் அந்தச் சட்டம் உருவானபோது ஒரு வார்த்தை சொல்ல வாய்ப்பில்லாதவர்கள். நல்லுறவு என்று நாம் சொல்வது யார் மடியில் என்ன பாரத்தை வைக்கிறது என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரியாது.

பழைய வாடிக்கையாளர்

தோல் விஷயத்தில் ஜெர்மனி நமக்குப் புதிய நாடன்று. முதல் உலகப் போருக்கு முன்பு வட இந்தியாவின் பச்சைத்தோல், அதாவது பதனிடாத தோல், கல்கத்தா வழியாகப் பெருமளவில் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போனது. அந்த வணிகத்தில் ஜெர்மன் நிறுவனங்களின் பிடி இறுகியிருந்தது. சென்னை மாகாணத்தின் வழி வேறு. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் இங்கிருந்து லண்டனுக்குப் போனது. போர் முடிந்ததும் 1919-இல் பிரிட்டிஷ் அரசு பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி போட்டு, பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பிக் கொடுத்தது. ஜெர்மனியின் பிடியைத் தளர்த்துவது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆக, தோலை வைத்து அரசியல் நடத்துவது 1989-இல் தொடங்கிய வழக்கமன்று.

விடுதலைக்குப் பிறகு உறவு வேறு முகம் எடுத்தது. 1951 மார்ச் 7 அன்று இந்தியாவும் மேற்கு ஜெர்மனியும் தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்டன. 1956-இல் நேரு பான் நகருக்குச் சென்றபோது பேச்சு தொடங்கி, 1959-இல் ஜெர்மன் உதவியோடு சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் எழுந்தது. அது இருக்கும் அதே சர்தார் பட்டேல் சாலையில், 1948-இலேயே அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒன்றில் ஜெர்மனியின் இயந்திரங்களும் பேராசிரியர்களும். மற்றொன்றில், பின்னாளில், ஜெர்மனியின் சட்டத்தைச் சமாளிக்க வழி தேடிய வேதியியலாளர்கள். அடையாறில் அந்தச் சாலையைக் கடக்கும்போதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

கதைக்கு முக்கியமான இன்னொரு திருப்பம் 1970-களில் வந்தது. தோல் ஏற்றுமதியை ஆராய்ந்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி இந்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியை நிறுத்தியது. அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்குக் கோட்டா வைத்தது. முழுமையாக முடித்த தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்ய ஊக்கம் கொடுத்தது. இலாபம் உள்நாட்டிலேயே தங்க வேண்டும் என்ற எண்ணம் சரியானதே. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, பல்லாவரம் எல்லாம் வளர்ந்தது அதனால்தான். ஆனால் இலாபத்தோடு சேர்ந்து சாயமும் குரோமியமும் பூஞ்சைக்கொல்லியும் இங்கே வந்தன. முன்பு ஐரோப்பிய ஆலையில் நடந்த வேலை இங்கே நடக்கத் தொடங்கியபோது, அந்த வேலையின் கழிவும் பொறுப்பும் நம்முடையவை ஆயின. 1989-இன் தடை ஏன் இத்தனை ஆழமாக வெட்டியது என்பதற்கான விடை இங்கே இருக்கிறது. பழையபடி பச்சைத்தோலை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் அந்த 5 மில்லிகிராம் பெரும்பாலும் வேறு யாருடைய தலைவலியாகவோ இருந்திருக்கும்.

பூஞ்சை

குரோமியத்தில் பதனிட்ட தோல், பதனிடும் உருளையான டிரம்மிலிருந்து வெளியே வரும்போது வெளிர்நீலமாக இருக்கும். வணிகத்தில் அதன் பெயர் வெட் புளூ. பிழிந்த பிறகும் அதன் எடையில் பாதியளவு தண்ணீர்தான். மரப்பலகைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பிளாஸ்டிக் தாள் போர்த்தி வைப்பார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் சென்னைக் காற்றின் ஈரம் போதும். சில நாட்களில் மடிப்புகளின் ஓரத்தில் பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள் தெரியும். கையால் தேய்த்தால் மேலே உள்ளது போய்விடும், கறை போகாது. பின்பு சாயமேற்றும்போது அந்த இடம் மட்டும் வேறு நிறம் காட்டும். வெளிர் நிறத் தோலுக்கு வாங்கி வைத்த ஆர்டர் கறுப்புத் தோலாக விலை இறங்கும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலின் கதி இன்னும் மோசம். பூஞ்சைக்கு அது விருந்து.

இதற்கெல்லாம் ஒரே மருந்தாக இருந்தது பென்டாகுளோரோபீனாலின் சோடியம் உப்பு. தண்ணீரில் கரையும். விலை மலிவு. சிறிதளவு சேர்த்தாலே தோல் கப்பல் பயணத்தைத் தாங்கும். படித்த வேதியியலாளர் இல்லாத சிறிய ஆலையிலும் மேஸ்திரி கை அளவில் போட்டுவிடலாம். உலகம் முழுவதும் தோல் தொழில் இதைத்தான் நம்பியிருந்தது.

ஜெர்மனியில் இந்தத் தடைக்கான விதை தோலில் விழவில்லை. மரத்தில் விழுந்தது. மரத்தைக் காக்கப் பூசும் மருந்துகளில் இந்த வேதிப்பொருள் இருந்தது. 1970-களில் அதை வீட்டுக்குள்ளேயும் சுவர்ப்பலகை, கூரைமரங்களில் பூசினார்கள். அந்த வீடுகளில் குடியிருந்த குடும்பங்கள் நோயுற்றன. பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுகூடினார்கள், பிராங்க்ஃபர்ட்டில் வழக்கு நடந்தது, நாடே அதைப் பேசியது. தயாரிப்பின்போது டையாக்சின் என்ற கொடிய நஞ்சு இதில் கலந்துவிடுகிறது என்பதும் அறியப்பட்டிருந்தது. ஜெர்மனிக்குள் உற்பத்தி தடைக்கு முன்பே நின்றுபோயிருந்தது. ஆகவே இது இந்தியத் தோலைத் தடுக்க எழுந்த சூழ்ச்சி என்று அந்நாளில் எழுந்த பேச்சை நான் ஏற்கவில்லை. அந்த மக்களின் அச்சம் உண்மையானது, சட்டமும் நேர்மையானது. ஆனால் உள்நாட்டில் தயாரிப்பவர் ஏற்கெனவே ஒதுங்கிவிட்ட ஒரு பொருளைத் தடை செய்வதில் உள்நாட்டுக்கு நட்டம் குறைவு. நட்டம் எங்கே விழும் என்று கணக்குப் பார்க்கும் கடமை சட்டம் எழுதியவர்களுக்கு இருந்தது. அதை அவர்கள் செய்ததாகத் தெரியவில்லை.

பெரியமேட்டின் நிலை

தோல் துறைமுகத்தைச் சேர்ந்த பிறகு சோதனையில் தோற்றால் ஏற்றுமதியாளர் முன்னால் மூன்று வழிகள் உண்டு, மூன்றும் நட்டமே. சரக்கைத் திரும்பக் கொண்டுவரலாம், இரு தடவைக் கப்பல் கூலி. வேறு நாட்டில் கேட்ட விலைக்குத் தள்ளலாம். அல்லது அங்கேயே அழித்து, அதற்கும் பணம் கட்டலாம். கடனில் பச்சைத்தோல் வாங்கி, கூலி கொடுத்து, வங்கியில் முன்பணம் எடுத்து அனுப்பிய சரக்கு அது. ஒரு கன்டெய்னர் போனால் சிறிய ஆலை எழுந்திருக்கவே முடியாது.

மருந்தை நிறுத்திவிட்டால் போதாதா என்று வெளியில் இருப்பவர் கேட்பார். 5 மில்லிகிராம் என்பது எவ்வளவு சிறிய அளவு என்று யோசிக்க வேண்டும். மரத்தால் ஆன பழைய டிரம் பல ஆண்டுகளாக அந்த மருந்தைக் குடித்து ஊறியிருந்தது. தோலை அடுக்கும் பலகையில் அது இருந்தது. தோலுக்கு மென்மை தரும் எண்ணெய்க் கலவைகள் கெடாமலிருக்கச் சேர்த்த பொருளாகவும் அது வந்தது. இன்னொருவரிடம் அரைப்பதன் தோல் வாங்கி முடித்துக் கொடுக்கும் ஆலைக்கோ, அந்த இன்னொருவர் என்ன போட்டார் என்று அறிய வழியே இல்லை. பெரியமேட்டு வணிகம் அப்படித்தான் இயங்கியது. தோல் நாலு கை மாறித்தான் கப்பல் ஏறும். தன் கையால் ஒரு துளிகூடப் போடாதவரின் சரக்கும் சோதனையில் தோற்கலாம் என்ற நிலை அது.

மாற்று மருந்து இருந்தது. டி.சி.எம்.டி.பி. என்று சுருக்கிச் சொல்லப்படும் கரிமச் சேர்மம் அவற்றில் முதன்மையானது. வெளிநாட்டு நிறுவனங்களின் தயாரிப்பு, பழைய மருந்தைப்போலப் பல மடங்கு விலை. எந்தத் தோலுக்கு எவ்வளவு, எந்தக் கட்டத்தில், எந்த அமிலத்தன்மையில் சேர்க்க வேண்டும் என்பதை இங்குள்ள தண்ணீருக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி கண்டறிய வேண்டியிருந்தது. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் பங்கு இங்கேதான் பெரிது. சோதனைக் கருவியும், மாற்று முறைகளுக்கான அறிவும், ஆலைக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க ஆட்களும் ஒரே இடத்தில் இருந்தார்கள். 1984-இல் அமைந்த தோல் ஏற்றுமதிக் கழகத்தின் தலைமையகமும் சென்னையில்தான். பெரியமேட்டிலிருந்து அடையாறுக்கு மாதிரித் துண்டோடு ஒரு பஸ்ஸில் போய்விடலாம். வேறு பல தொழில்களுக்கு இந்த வாய்ப்பு அமையவில்லை. சென்னைத் தோல் தொழில் தப்பியதற்கு ஏற்றுமதியாளர்களின் சாமர்த்தியத்தைவிட, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அரசு பணத்தில் கட்டிய ஓர் ஆய்வுக்கூடத்துக்கே நான் முதல் மதிப்பெண் கொடுப்பேன்.

இதே வேளையில் இன்னோர் அடி விழுந்தது. இந்தியத் தோல் பொருட்களைப் பெருமளவில் வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன் 1991-இல் இல்லாமற்போனது. ரூபாயில் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்த அந்தச் சந்தை இத்தகைய சோதனைகளைக் கேட்டதில்லை. அது மறைந்ததும் மேற்கு ஐரோப்பாவைத் தவிர்க்க முடியாத நிலை வந்தது. பேரம் பேசும் வலு குறைந்திருந்த நேரத்தில்தான் இந்தியா இந்தத் தடையை எதிர்கொண்டது என்பதை மறக்கக் கூடாது.

பிரான்ஸ் போட்ட வழக்கு

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் பகுதி சென்னையிலிருந்து வெகுதூரத்தில், லக்சம்பர்கில் நடந்தது. 1991-இல் ஐரோப்பியச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) இதே வேதிப்பொருளுக்குப் பொது விதி ஒன்றைக் கொண்டுவந்தது. அது ஜெர்மனியின் விதியைவிடத் தளர்வானது. தன் கடுமையான விதியை வைத்துக்கொள்ள ஜெர்மனி அனுமதி கேட்டது, அந்தச் சமூகத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கொடுத்தது. அதை எதிர்த்துப் பிரான்ஸ் ஐரோப்பிய நீதிமன்றம் போனது. 1994 மே 17 அன்று வந்த தீர்ப்பு, ஆணையம் போதிய காரணம் காட்டவில்லை என்று சொல்லி அனுமதியை இரத்து செய்தது. அதே ஆண்டிலேயே ஆணையம் காரணங்களை விரிவாக எழுதி மறுபடியும் அனுமதி கொடுத்துவிட்டது. ஜெர்மனியின் விதி நிலைத்தது.

முடிவு மாறவில்லை என்றாலும் பிரான்சுக்குக் கிடைத்தது என்ன என்று பாருங்கள். கேள்வி கேட்க ஓர் இடம். பதில் சொல்ல வேண்டிய ஓர் அதிகாரி. எழுத்தில் காரணம். வாணியம்பாடிக்கு இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை. உலக வர்த்தக அமைப்பின் தொழில்நுட்பத் தடைகள் பற்றிய ஒப்பந்தம் 1995-இல்தான் நடைமுறைக்கு வந்தது. புதிய விதி கொண்டுவரும் நாடு அதை முன்கூட்டியே மற்ற நாடுகளுக்கு அறிவிக்க வேண்டும், கருத்துச் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்ற கடமை எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டியது அதன் பிறகே.

இரண்டாம் சுற்று: சாயம்

முதல் காயம் ஆறுவதற்குள் 1994 ஜூலையில் ஜெர்மனி இன்னொரு திருத்தம் கொண்டுவந்தது. அசோ சாயங்கள் செயற்கைச் சாயங்களில் ஒரு வகை. அவற்றில், உடையும்போது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன் என்ற 20 வேதிப்பொருட்களில் ஒன்றையாவது வெளியிடுபவை, உடலில் படும் துணியிலும் தோலிலும் இருக்கக் கூடாது. கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்பது எல்லையாயிற்று.

இந்தத் தடவை சிக்கல் வேறு வகை. சட்டம் எந்தச் சாயம் என்று பெயர் சொல்லவில்லை. எந்த அமீன் என்று மட்டுமே சொன்னது. சாயப் பொட்டலத்தின்மேல் வணிகப்பெயரும் ஒரு எண்ணும்தான் இருக்கும். கறுப்பு, பழுப்பு, சிவப்பு என்று பார்த்து வாங்கிய ஆலைக்காரருக்கு அதன் மூலக்கூறு என்ன தெரியும்? தோலுக்குரிய சோதனை முறை முழுமைபெற்றதோ சட்டத்துக்குப் பின்னால்தான். ஜெர்மனியே காலக்கெடுவைப் பலமுறை தள்ளிப்போட வேண்டியிருந்தது.

ஆனால் இந்தச் சுற்றில் இந்திய அரசு சும்மா இருக்கவில்லை. பென்சிடின் என்ற அமீனின் வகையைச் சேர்ந்த 42 சாயங்களை முன்பே தடை செய்திருந்தது. 1997-இல் மேலும் 70 அசோ சாயங்களைச் சேர்த்து, மொத்தம் 112 சாயங்களை நாட்டுக்குள்ளேயே விலக்கியது. ஏற்றுமதிச் சரக்குக்கு மட்டும் ஒரு விதி, உள்ளூர்ச் சரக்குக்கு இன்னொன்று என்று வைக்காமல், நம் மக்களுக்கும் அதே பாதுகாப்பைத் தந்த முடிவு இது. இதற்குக் கிடைக்க வேண்டிய பாராட்டு கிடைக்கவில்லை. ஜெர்மனியும் சோதனைக்கூடங்களுக்கும் பயிற்சிக்கும் உதவியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் இதே விதி 2002-இல் வந்தபோது, சென்னைக்கு அது புதிய பாடமாக இருக்கவில்லை. ஜெர்மனி முதலில், ஐரோப்பா பின்பு என்ற வரிசை குரோமியத்தின் நச்சு வடிவமான குரோமியம்-6 விஷயத்திலும் நடந்தது: ஜெர்மனி 2010-இல், ஒன்றியம் 2015 மே 1 முதல், கிலோவுக்கு 3 மில்லிகிராம்.

யாருடைய தோல்?

இந்த விதிகள் எல்லாம் அளப்பது ஒன்றைத்தான்: முடிந்த பொருளில் மிச்சம் எவ்வளவு. அணிபவரின் உடலில் என்ன படும் என்பதே கேள்வி. டிரம்மிலிருந்து வடிந்த தண்ணீரில் எவ்வளவு போனது என்று அவை கேட்கவில்லை. கையுறை இல்லாமல் ஈரத்தோலைத் தூக்கியவரின் கையில் எவ்வளவு ஒட்டியது என்றும் கேட்கவில்லை. பழைய மருந்துக்குப் பதிலாக வந்த டி.சி.எம்.டி.பி.யும் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, மனிதத் தோலுக்கு எரிச்சலூட்டுவது. அது ஜெர்மன் சோதனையில் தேறியது. இந்த ஆலைகளின் கழிவு சேரும் பாலாற்றுக்கு அதனால் ஒரு நிம்மதியும் வரவில்லை.

பாலாற்றைப் பற்றிக் கேட்டவர்கள் உள்ளூர் மக்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிட இலாயக்கற்றுப் போனதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. நாட்டின் முடித்த தோல் ஏற்றுமதியில் சுமார் 80 விழுக்காடு தமிழ்நாட்டினுடையது, அன்னியச் செலாவணி தருகிறது என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்காகச் சூழலைக் கெடுக்கும் உரிமை அந்தத் தொழிலுக்கு இல்லை என்று உறுதியாகச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது இந்த வழக்கால். ஆலைகள்மீது தலா 10,000 ரூபாய் அபராதம் விழுந்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டாயமாயின.

ஒரே தோலுக்கு இரண்டு நீதி நடந்திருக்கிறது. வாங்குபவரின் பாதுகாப்புக்கு அவருடைய அரசு ஆணை போட்டது. கப்பல் திரும்பும் என்ற பயமே அதைச் செயல்படுத்தியது, சில ஆண்டுகளில் நடைமுறை மாறிவிட்டது. செய்பவரின், பக்கத்தில் வாழ்பவரின் பாதுகாப்புக்கு அவர்களே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. தீர்ப்புக்குப் பின்னும் பல ஆண்டுகள் இழுத்தது, பாலாறு இன்னும் மீளவில்லை. இதில் ஜெர்மனியை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. மலிவான தோல் வேண்டும் என்ற அவர்களுடைய விலையும், எப்படியாவது ஏற்றுமதி கூட வேண்டும் என்ற நம்முடைய கொள்கையும் சேர்ந்தே ஆற்றைக் கெடுத்தன.

இப்போது

2023 ஜனவரி முதல் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த விநியோகச் சங்கிலிச் சட்டம், வெளிநாட்டில் தமக்குப் பொருள் செய்து தருபவர்களின் பணிநிலை குறித்தும் பெரிய நிறுவனங்கள் அக்கறை காட்ட வேண்டும் என்கிறது. 1989-இல் கேட்கப்படாத கேள்வி முதல் தடவையாகச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது, மனமார வரவேற்கிறேன். ஆனால் நடைமுறையில் இது சென்னைக்கு எப்படி வந்து சேர்கிறது? வாங்குபவர் ஒரு நீண்ட வினாத்தாளை அனுப்புகிறார், தணிக்கைக்கு ஆள் வருகிறார், கட்டணம் ஆலையின் கணக்கில். தோலுக்குக் கொடுக்கும் விலை ஏறுவதில்லை. மாடு எந்தக் காட்டை அழித்த நிலத்தில் மேய்ந்தது என்று கேட்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுக் காடழிப்பு விதியிலும் தோல் இடம்பெற்றது, அமலாக்கம் தள்ளிப்போடப்பட்டது. ஊர்ச் சந்தையில் கைமாறி வரும் மாட்டுக்கு மேய்ச்சல் நிலத்தின் வரைபட எண் கேட்பவர்கள், அந்தச் சந்தையை ஒருமுறை வந்து பார்த்திருக்க வேண்டும்.

2007-இல் தொடங்கி, 2013-இல் நின்று, 2022-இல் மீண்டும் உயிர்பெற்ற இந்திய–ஐரோப்பிய ஒன்றிய வர்த்தகப் பேச்சில் நம் செய்தித்தாள்கள் சுங்கவரியையே தலைப்பாக்கின. காலணிக்கு 17 விழுக்காடு வரை போகும் வரி குறைவது ஆம்பூருக்குப் பெரிய விஷயந்தான், சந்தேகமில்லை. ஆனால் தரவிதிகள் பற்றிய அத்தியாயத்தை ஒவ்வொரு சொல்லாகப் படிக்க வேண்டியவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். புதிய எல்லை அளவு வரும்போது சிறிய ஆலைக்குத் தனிக் கால அவகாசம் எழுத்தில் இருக்க வேண்டும். சோதனை முறை வெளியாகும் முன்பு தடை நடைமுறைக்கு வரக் கூடாது. அங்கீகாரம் பெற்ற இந்திய ஆய்வுக்கூடத்தின் அறிக்கையை ஜெர்மன் துறைமுகம் ஏற்க வேண்டும். அதே துண்டுத் தோலை அங்கேயும் வெட்டிச் சோதித்து அந்தச் செலவையும் ஆலையின் தலையில் கட்டும் வழக்கம் நிற்க வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு, வாங்குபவர் ஒப்புக்கொள்ளும் விலைக்குள் ஒரு தனி இனமாக வர வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையை அரசுகள் மேசையில் வைக்கத் தயங்கும், ஏனென்றால் அது இருபுறத்து வணிகர்களையும் சங்கடப்படுத்தும். தோல் ஏற்றுமதியாளர்களும் பாலாற்று விவசாயிகளும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு அதைக் கேட்டால் தயங்குவது கடினம்.